வானத்துக்கு எத்தனை மேசை

திண்டுக்கல்லில் காருக்குள் வயர்லெஸ் பேச வைத்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால், அவர் பெரும்பாலும் என்னிடம் வண்டி ஓட்டியவராக இருப்பார். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அப்புறம் லாரியில் கிளீனர், அதே லாரிக்கு டிரைவர், ஒரு பழைய அம்பாசிடருக்குச் சொந்தக்காரன், கடைசியில் பதினாலு கார்களுக்கு முதலாளி. நடுவில் யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லப்போகிறேன். அதைப் படித்துவிட்டு, இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. செல்போன் பெரிய ஆட்களின் சட்டைப்பையில் மட்டும் இருந்தது. ஊரைத் தாண்டினால் அதுவும் வெறும் டப்பாதான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அறை பிடித்தேன். மொட்டைமாடியில் கம்பம் நட்டு, லைசென்ஸுக்கு அலைந்து வாங்கி, ஒவ்வொரு காரிலும் ஒரு செட் பொருத்தினேன். கார் வேண்டுபவர் எங்கள் அறைக்குப் போன் செய்வார். எங்கள் ஆள் மைக்கை எடுத்து, "மூணாம் நம்பர், எங்கன இருக்கீங்க?" என்று கேட்பார். "நாகல் நகர்ல" என்று பதில் வரும். வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் அவர் வாசலில் கார் நிற்கும்.

வயர்லெஸில் ஒரு சங்கடம் உண்டு. டெலிபோன் மாதிரி இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேச முடியாது. பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒருவர் அமுக்கியிருக்கும்போது இன்னொருவரும் அமுக்கினால் இரண்டு பேச்சும் கலந்து கரகரவென்று ஆகிவிடும், ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஏழு கார் வரைக்கும் ஒரு லைன் தாங்கியது. பத்தைத் தாண்டியதும் சந்தைக்கடையாகிவிட்டது. அதனால் இரண்டாவது லைன் வாங்கினேன். டவுனுக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி செட், மொட்டைமாடியின் எதிரெதிர் மூலையில் தனிக் கம்பம், தனி மேசை, தனி ஆள். ஊர் எல்லையைத் தாண்டினால் டிரைவர் செட்டில் இருக்கும் குமிழைத் திருகி வெளியூர் லைனுக்குப் போக வேண்டும். போன பிறகு டவுன் லைனில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்குப் பேட்டா கிடையாது. அது என் சட்டம்.

டவுன் மேசையில் என் கொழுந்தியாள் மகள் உட்கார்ந்தாள். வெளியூர் மேசைக்கு வந்தவள் பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தவள். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள். பேச்சு வேலைக்கு இப்படி ஒரு ஆளா என்று முதலில் எனக்கே சந்தேகம். அவள் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் மூட்டை தூக்கி, இடுப்பு பிடித்துப்போய் வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டுக்குள் போன ஒரே சம்பளம் என் இரண்டாம் மேசைச் சம்பளம்தான்.

அவள் வந்த பத்தாம் நாள் ஒரு காரியம் செய்தாள். பட்டறையிலிருந்து பல் வெட்டாத வெறும் சாவிகள் பதினாலு வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கார் நம்பரைப் பொளிந்தாள். ஒரு பலகையில் ரோட்டுக்கு ஒரு வரிசையாக ஆணி அடித்தாள். வேடசந்தூர் ரோடு, நத்தம் ரோடு, பழனி ரோடு, வத்தலக்குண்டு ரோடு, அதிலிருந்து பிரியும் ஆத்தூர் ரோடு. கார் எந்த ரோட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அந்த ஆணியில் அதன் சாவி தொங்கும். டவுனிலிருந்து ஒரு கார் வெளியே போனால் டவுன் மேசைக்காரி சாவியை நீட்டுவாள், இவள் உடனே வாங்க மாட்டாள். அந்தக் கார் தன் லைனுக்கு வந்து இவள் காதில் ஒரு வார்த்தை பேசினால்தான் கையை நீட்டுவாள். அதுவரை சாவி டவுன் மேசைக்காரி கையிலேயே இருக்க வேண்டும்.

"ஏத்தா, வாங்கித் தொலையேன். கை வலிக்குது" என்பாள் அவள்.

"வண்டி இன்னும் எங்கிட்ட வரலையே" என்பாள் இவள்.

இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இல்லை. அவளாகச் செய்ததுதான்.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

ஆத்தூரில் ஒரு வாத்தியார் குடும்பம் என் முதல் அம்பாசிடர் காலத்திலிருந்தே எனக்கு வாடிக்கை. மாதா கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் என் வண்டிதான். அந்த வீட்டுப் பெண் சென்னையில் விமான நிலையத்தில் வேலை பார்த்தது. வருடத்துக்கு நாலு தடவை அப்பா அம்மாவைப் பார்க்க வரும். நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருவேன். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று மைக்கில் சொல்லுமே, அந்த வேலை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

காரில் வயர்லெஸ் வைத்த பிறகு முதல் தடவை அந்தப் பெண்ணைக் கூட்டிப்போகும்போது, ஊர் எல்லையில் வழக்கம்போல் குமிழைத் திருகி, "ஏழாம் நம்பர் வெளியூருக்கு வந்தாச்சு" என்றேன். பின்சீட்டில் சிரிப்புச் சத்தம்.

"என்ன தங்கச்சி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. நாளு பூரா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். லீவுல வந்தா இங்கனயும் அதே."

"நீங்க மைக்குல பேசுறது பயணிகளுக்குல்ல?"

"அய்ய, அது வேற ஆளுங்க. நான் பேசுறது பைலட்டுங்ககிட்ட. இம்புட்டு உயரத்துல போ, இந்தப் பக்கம் திரும்பு, அடுத்த ஆளுகிட்டப் பேசுன்னு."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் ஓட்டிக்கொண்டே கேட்க முடியாது. அன்றைக்கு அந்தப் பெண்ணை, அரை மணி நேரத் தூரத்திலிருக்கும் ஆத்தூரில் இறக்கிவிட ஒன்றேகால் மணி நேரமானது. வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

வானத்தையே துண்டு போட்டு வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு துண்டுக்கும் செக்டார் என்று பேர். ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் லைன். லைனை அவர்கள் ஃப்ரீக்வென்சி என்கிறார்கள், எல்லாம் ஒன்றுதான்.

"வானத்துல எல்லை எப்படித் தங்கச்சி தெரியும்? சர்வே கல்லா நட்டு வச்சிருக்கு?"

"கல்லு ஏதுண்ணே? மேப்புல புள்ளி இருக்கு. புள்ளிக்கு அஞ்செழுத்துல ஒரு பேரு. பேருக்கு அர்த்தம் ஒண்ணும் கெடையாது, வாயில சுளுவா வரணும், அம்புட்டுத்தான். அந்தப் புள்ளிகளைக் கோட்டால சேத்தா அதான் எல்லை. பைலட்டுக்கு அது எங்கன இருக்குன்னு அவங்க பொட்டியில தெரியும், எங்களுக்கு ரேடார்ல தெரியும்."

துண்டு போடுவது அகலத்தில் மட்டும் இல்லையாம், உயரத்திலும் உண்டாம். கீழே ஏறி இறங்கும் விமானங்கள் ஒரு மேசை, அதே இடத்துக்கு மேலே உச்சியில் நேராகப் போகிறவை இன்னொரு மேசை. கீழ்வீட்டுக்கு ஒரு கரண்ட் மீட்டர், மாடி வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் கைதட்டியது. "எங்க டிரெய்னிங்ல இப்படிச் சொல்லியிருந்தா ஒரே நாள்ல புரிஞ்சிருக்கும்" என்றது. நான் படிக்காததால் யாருக்கு நஷ்டம் என்று அன்றைக்கு யோசித்தேன்.

"சரி, துண்டு போட்டாச்சு. ஒவ்வொரு துண்டுக்கும் எதுக்கு வேற வேற லைன்? எங்களுக்கு ரெண்டு லைனு வாங்கவே தாவு தீந்துபோச்சு."

"மாடியில கம்பத்தை எதுக்கு உசத்தி வச்சீங்க?"

"உசந்தா தூரமாக் கேக்கும்."

"விமானத்துக்குக் கம்பமே ஆகாசத்துலதான இருக்கு? எங்கயோ ஆந்திராப் பக்கம் பறக்கிறவரு பேசுறது நம்ம மலைக்கோட்டைக்கு மேல பறக்கிறவருக்கும் கேக்கும். எல்லாரும் ஒரே லைனுன்னா?"

"சந்தைக்கடை."

"அதேதான்."

ஒரு விமானம் எல்லையை நெருங்கும்போது, இந்த மேசைக்காரர் அடுத்த மேசையின் நம்பரைச் சொல்வார். பைலட் அந்த நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் இவர் திருத்துவார். பைலட் நம்பரை மாற்றி அடுத்த மேசையைக் கூப்பிட்டு, அங்கே பதில் கிடைக்கவில்லை என்றால், பழைய நம்பருக்கே திரும்பி வந்து சொல்ல வேண்டும்.

"நம்ம டிரைவர் அப்படித் திரும்பி வந்தா பேட்டாவை வெட்டிருவேன்" என்றேன் பெருமையாக.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஏண்ணே, அப்பப் பதில் கெடைக்காதவரு எங்கன போவாரு?" என்றது.

பதில் கிடைக்காமல் இருக்காது, என் ஆபீசில் எப்போதும் ஆள் உண்டு என்று சொன்னேன்.

அந்தப் பெண் அடுத்த தடவை வந்தபோது மூன்று மாடி ஏற்றி என் ஆபீசைக் காட்டினேன். செட்டைக் காட்டலாம் என்று நினைத்தேன், அந்தப் பெண் சாவிப் பலகையின் முன்னால் போய் நின்றுவிட்டது. அவர்களும் விமானத்துக்கு ஒரு காகிதப் பட்டை எழுதி, சட்டத்தில் சொருகி, மேசையிலிருந்து மேசைக்கு நகர்த்துவார்களாம். "சாவியை எப்ப வாங்குவீங்க?" என்று இரண்டாம் மேசைக்காரியிடம் கேட்டது.

"வண்டி எங்கிட்டப் பேசுனப்புறம்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மொட்டைமாடிக் கதவைப் பார்த்தேன். "பட்டறையில பூட்டை மாத்திக் குடுத்துட்டா சாவி சேராது. அதனால கையில வந்ததைச் சரிபாத்துட்டுத்தான் வாங்குவோம்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. மலைக்கோட்டைக்கு மேலே வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நீண்டால், இது இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று யோசிப்பேன். கோடு வேடசந்தூர்ப் பக்கம் போனால், மேசை மாறியிருக்குமா, மாறும்போது பைலட் நம்பரைச் சரியாகத் திருப்பிச் சொல்லியிருப்பாரா என்று கழுத்து வலிக்கப் பார்ப்பேன். பிரியாணிக் கடை வாசலில் ஒருவர், "என்ன மொதலாளி, விமானம் வாங்கப் போறீங்களா?" என்றார். "வாங்கலாம், நிறுத்த இடம் வேணும்ல?" என்றேன்.

இரண்டு மூன்று வருடத்தில் செல்போன் மலிந்துவிட்டது. வயர்லெஸில் பேச்சு குறைந்தது. காலையும் மாலையும் பரபரப்பு, மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஈ ஓட்டினோம். இரண்டு மேசை, இரண்டு ஆள், இரண்டு சம்பளம். எனக்குள் ஒரு யோசனை அரிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஆத்தூர்த் தங்கச்சி வந்தது. ஸ்டேஷனுக்குத் திரும்பப் போகும்போது கேட்டேன்.

"வானத்துல கூட்டமில்லாத நேரத்துல உங்க மேசை ஆளெல்லாம் சும்மா உக்காந்திருப்பாங்களா?"

"இல்லண்ணே, செக்டாரைச் சேத்துருவோம். ரெண்டு செக்டாரை ஒரே ஆளு பாப்பாரு. ரெண்டு ஃப்ரீக்வென்சியையும் அவரே வச்சுக்குவாரு."

"ரெண்டு லைன்லயும் வேற வேற பைலட்டு இருப்பாங்களே? ஒரு லைன்ல பேசுறது இன்னொரு லைனுக்குத் தெரியாம குறுக்க பேசுவாங்கல்ல?"

"சரியாப் புடிச்சீங்க. அதுக்கு ரெண்டையும் கோத்துவிட்டுருவோம். இந்த லைன்ல ஒரு பைலட் பேசுனா, மிஷினே அதை அந்த லைன்லயும் போட்டுரும். எல்லாருக்கும் எல்லாம் கேக்கும். ஒரே லைன் மாதிரி ஆயிரும்."

"அப்ப ஒரு ஆளு மிச்சம்."

"மிச்சம்னு சொல்ல முடியாதுண்ணே. ஏன்னா, சேக்கிறதுக்கு முன்னாடி…"

"போதும் தங்கச்சி, புடிச்சுக்கிட்டேன்."

ஸ்டேஷனும் வந்துவிட்டது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே எதையோ சொல்ல வந்தது. நான் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே இரண்டாம் மேசைக்காரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அதில் எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. ஒரு நாள் மதியம் இரண்டு லைனையும் நானே பார்ப்பேன். சரியாக நடந்தால் அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டாம் மேசை வேண்டாம். காலையும் மாலையும் நானே கூட உட்கார்ந்து சமாளித்துக்கொள்வேன்.

"சரி மொதலாளி" என்றாள். சாவிப் பலகையில் கோணலாக இருந்த ஓர் ஆணியை நிமிர்த்திவிட்டுப் போனாள்.

சோதனை தள்ளிக்கொண்டே போய், ஆத்தூர்த் தங்கச்சி அடுத்த தடவை ஊருக்கு வந்துவிட்டு, சென்னைக்குத் திரும்பும் நாளில்தான் அமைந்தது. கொழுந்தியாள் மகள் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். ஏழாம் நம்பரை வேறு டிரைவரிடம் கொடுத்து ஆத்தூருக்கு அனுப்பினேன். ஒரு மணிக்கு இரண்டாம் மேசைக்காரியிடம், "நீ வீட்டுக்குப் போலாம்மா" என்றேன். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு செட்டையும் ஒரே மேசையில் வைத்தேன். கோத்துவிடும் மிஷின் என்னிடம் இல்லை. ஆனால் மிஷின் செய்வதை மனிதன் செய்ய முடியாதா? மதியத்துக்கு வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தில் ஒரு ரப்பர் பேண்டு இருந்தது. வெளியூர் மைக்கை எடுத்து, பட்டன் அமுங்கியபடி அந்த ரப்பர் பேண்டைச் சுற்றி, டவுன் செட்டின் ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்திவைத்தேன். டவுனில் யார் பேசினாலும் அது ஸ்பீக்கர் வழியாக வந்து, வெளியூர் மைக்குக்குள் புகுந்து, வெளியூர் வண்டிகளுக்கெல்லாம் போகும். ஐந்து நிமிடம் கழித்து ரப்பர் பேண்டைக் கழற்றிக் கேட்டேன்.

"அஞ்சாம் நம்பர், டவுன் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கணீர்னு கேட்டுச்சு மொதலாளி! நாலாம் நம்பர் பொண்டாட்டிக்கு வெஞ்சனம் வாங்கிட்டுப் போறது வரைக்கும் கேட்டுச்சு."

சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். திரும்ப ரப்பர் பேண்டைப் போட்டேன். சென்னையில் லட்சம் லட்சமாகக் கொட்டிச் செய்ததை ஒரு ரப்பர் பேண்டில் முடித்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அப்போது என் யோசனையெல்லாம்.

மதியம் அருமையாகப் போனது. டவுனில் நாலைந்து சவாரி. வெளியூர் லைனில் ஒரு சத்தம் இல்லை. பார்த்தாயா, இதற்கு ஒரு மேசை, ஒரு சம்பளம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டரை மணிக்குக் கதவு லேசாகத் திறந்தது. இரண்டாம் மேசைக்காரி. வீட்டுக்குப் போகாமல் மாடிப்படித் திருப்பத்தில் கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"மொதலாளி, வெளியூர்ல ஒருத்தருமே கூப்பிடலையா?"

"இல்லையே."

"இம்புட்டு நேரமாவா? அஞ்சாம் நம்பர் இந்நேரம் வேடசந்தூர் மில்லுல ஆளை ஏத்திட்டுச் சொல்லியிருக்கணுமே."

"ஏத்தியிருப்பான். சொல்ல என்ன இருக்கு?"

"ஏழாம் நம்பரு ஆத்தூர்லருந்து கெளம்பிட்டேன்னு சொல்லுச்சா?"

"ஏம்மா, ஒனக்கு இன்னைக்கு லீவு. போயி உக்காரு."

போய்விட்டாள். அவள் பயம் அவளுக்கு என்று நினைத்தேன். வேலை போகிற பயத்தில் இல்லாத காரைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் என் கண் பலகைக்குப் போனது. ஒரு மணிக்கு எந்த ஆணியில் எந்தச் சாவி இருந்ததோ அப்படியே இருந்தது. நான் ஒன்றையும் நகர்த்தவில்லை. நகர்த்த யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பத்து நிமிடம் இருக்கும். டவுன் லைனில் ஒரு பெண் குரல்.

"அண்ணே, நான் ஏழாம் நம்பர் வண்டியில இருக்கேன். உங்க வெளியூர் மைக்குல பட்டன் அமுங்கிக் கெடக்கு. அதை முதல்ல எடுங்க."

டவுன் லைனில் வெளியூர் வண்டி வாயைத் திறந்திருக்கிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏழாம் நம்பர் டிரைவர் எங்க? டவுன் லைன்ல யாரு பேசச் சொன்னது?"

"அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. பேட்டா போயிருமாம். நான்தான் புடுங்கிப் பேசுறேன். அண்ணே, ஃபேன் பெல்ட் அறுந்து ஆத்தூர் ரோட்டுல நிக்கிறோம். முக்கால் மணி நேரமாக் கூப்பிடுறாரு. எங்களுக்கு டவுன் பேச்சு முழுக்கக் கேக்குது, நாங்க பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல. மைக்கை எடுங்கண்ணே!"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். இதை அந்த ஊரில் முதலில் தெரிந்துகொண்டவன் நான். ஒன்றரை மணி நேரமாக வெளியூர் லைனின் பட்டனை நானே அமுக்கிப் பிடித்திருக்கிறேன். எந்த வண்டி கூப்பிட்டாலும் என் செட்டுக்குக் காது இல்லை. என் கம்பம் போட்ட சத்தத்தில் ஒரு வண்டி பேசுவது பக்கத்து வண்டிக்கும் கேட்டிருக்காது. அந்த அமைதியை வைத்துத்தான் மேசை வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ரப்பர் பேண்டைப் பிய்த்தேன். உடனே வெளியூர் செட்டிலிருந்து மூன்று குரல் ஒன்றாகக் கொட்டியது. கரகர, கரகர. நான் "யாரு, யாரு?" என்று கத்த, அவர்களும் கத்தினார்கள். டவுன் செட்டிலும் யாரோ கூப்பிட்டார்கள். போனும் அடித்தது.

என் கையிலிருந்த மைக்கை யாரோ மெதுவாக வாங்கினார்கள். இரண்டாம் மேசைக்காரி. "நீங்க டவுனைப் பாருங்க மொதலாளி" என்று செட்டைத் தூக்கித் தன் மேசைக்குக் கொண்டுபோனாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எல்லாரும் பட்டனை விடுங்க. நான் கூப்பிடுற நம்பர் மட்டும் பேசுங்க. பதினொண்ணு, எங்கன இருக்கீங்க?"

"வத்தலக்குண்டுல எறக்கிட்டு வாரேங்க. செம்பட்டி வந்துட்டேன்."

"காலி வண்டிதான?"

"காலிதாங்க."

"செம்பட்டியில ஆத்தூர் ரோட்டுக்குத் திரும்புங்க. ஏழு நிக்குது. ஆளை ஏத்திட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. திருப்பிச் சொல்லுங்க."

"ஆத்தூர் ரோட்டுல ஏழு. ஆளை ஏத்திட்டு ஸ்டேஷனு."

அவள் பதினொன்றாம் சாவியை எடுத்து, ஆத்தூர் ரோட்டு ஆணியில் ஏழாம் சாவிக்குப் பக்கத்தில் மாட்டினாள். அப்புறம் ஐந்து, அப்புறம் ஒன்பது. நாலே நிமிடத்தில் பலகை நேரானது. பதினொன்றாம் நம்பர் காலையில் வத்தலக்குண்டுக்குப் போனதையும், அந்த டிரைவர் அங்கேயே ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவான் என்பதையும், சாப்பிட எவ்வளவு நேரமாகும் என்பதையும் படியில் உட்கார்ந்தபடியே மனதில் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்குப் போ என்றாலும் அவள் தலையிலிருந்த பலகை வீட்டுக்குப் போகவில்லை.

பதினொன்று ஊரை நெருங்கியதும் டவுன் மேசையையும் அவளிடம் விட்டுவிட்டு நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சென்னை வண்டி பிளாட்பாரத்தில் நின்றது. பதினொன்றாம் நம்பரிலிருந்து தங்கச்சி இறங்கி டிக்கியில் கைவைத்தது. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

"எப்படித் தங்கச்சி கண்டுபுடிச்சீங்க?"

"எங்களுக்கு இது தெரிஞ்ச வியாதிதாண்ணே. ஒரு பைலட்டுக்குப் பட்டன் ஒட்டிக்கிட்டா மொத்த செக்டாரும் ஊமையாயிரும். அப்பப் பேசிப் பிரயோசனமில்ல, வேற லைனுக்குப் போயித்தான் சொல்லணும். நம்ம டிரைவர்தான் உங்க சட்டத்துக்குப் பயந்து குமிழைத் தொட மாட்டேன்னுட்டாரு."

"இன்னைக்கு அவனுக்கு ரெட்டைப் பேட்டா" என்றேன். ரயிலில் ஏற்றிவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் யாரிடமும் ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்பவன் இல்லை.

"அன்னைக்கு நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே, சேக்கிறதுக்கு முன்னாடின்னு."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் குனிந்தது. "ஆமா. சேக்கிறதுக்கு முன்னாடி எப்படிப் பிரிக்கிறதுன்னு பாத்து வச்சுக்குவோம். திடீர்னு கூட்டம் வந்தா ஒரு நிமிஷத்துல திரும்பப் பிரிக்கணும். பிரிக்கணும்னா இன்னொரு ஆளு வேணும்ல? மேசையை விட்டு எந்திரிச்சவரு டீ குடிக்கலாம், காலை நீட்டலாம். கூப்பிட்டா கேக்குற தூரத்துல இருக்கணும். வந்து உக்காந்த உடனே பேச மாட்டாரு, பக்கத்துல செத்த நேரம் கேட்டுட்டுத்தான் மைக்கை வாங்குவாரு."

"எங்க ஆளு படியிலயே இருந்துச்சு" என்றேன்.

"கேட்டேனே. அவங்க குரல் வந்ததும் எங்க டிரைவர் கும்பிட்டாரு."

ரயில் போன பிறகு நான் உடனே மாடி ஏறவில்லை. கீழே ஒரு டீ குடித்தேன். ஏறும்போது படித் திருப்பத்தில் அந்தப் பெஞ்சு கிடந்தது, மேலே தூக்குச்சட்டி. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சோறு தொடாமல் இருந்தது. பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். லாரியில் மூட்டை தூக்கிய தோள், அதற்கு ஒன்றும் கனமில்லை. சட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பெஞ்சை ஜன்னலுக்கு அடியில், இரண்டு மேசைக்கும் நடுவில் போட்டேன்.

அவள் மைக்கைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"மதியத்துல ரெண்டையும் சேத்துக்கலாம்" என்றேன். "எல்லா வண்டியையும் ஒரே லைனுக்கு வரச்சொல்லி, ஒவ்வொருத்தனும் வந்துட்டேன்னு சொன்னப்புறம் சேக்கணும். பதில் கெடைக்காதவன் எந்த லைன்ல வேணா வந்து கூப்பிடலாம், பேட்டா வெட்டு கெடையாது. ஒரு ஆளு மேசையில, இன்னொரு ஆளு இந்தப் பெஞ்சுல. இங்கனயே சாப்பிட்டுக்கலாம், படுத்துக்கலாம். வெளிய போகக் கூடாது."

"ஒண்ணாந்தேதி வரைக்குமா மொதலாளி?"

"ஒண்ணாந்தேதிக்கு அப்புறமும்தான். எந்தக் கூறுகெட்டவன் வேண்டாம்னு சொன்னது?"

அவள் தூக்குச்சட்டியைப் பார்த்தாள். மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது, நான்தானே திறந்து மூடினேன். மேசையில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து, சட்டியின் மூடிமேல் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெஞ்சில் வைத்தாள். அதற்குள் டவுனுக்கு வந்துவிட்டேன் என்று ஒன்பதாம் நம்பர் டவுன் லைனில் கூப்பிட்டது. நான் பதில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் அவள் பெஞ்சுக்குச் சாப்பிடப் போனாள்.